ரத்தத்தை வடிகட்டியாச்சு, மாத்திரை எதுக்கு? எல்டிஎல் அபெரிசிஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்த குழந்தைக்கு எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் பெரும்பாலும் 500 mg/dL-ஐத் தாண்டி நிற்கும். ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் சரியாக வேலை செய்யாததுதான் காரணம். முழங்கையிலும் குதிகாலுக்கு மேலேயும் மஞ்சள் நிறக் கட்டிகள் தெரியும். மாத்திரை மட்டும் போதாத இவர்களுக்கு வாரம் ஒருமுறையோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ அபெரிசிஸ் செய்வார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, எல்டிஎல்லைப் பிரித்துவிட்டு, மீதியைத் திரும்ப ஏற்றுவார்கள்.

பெரிய தவறு நடப்பது ரிப்போர்ட் படிப்பதில்தான். சிகிச்சைக்கு முன் 300, முடிந்ததும் 100. "நூறுக்கு வந்துடுச்சு!" என்று வீடே நிம்மதியாகிவிடும். ஆனால் மறுநாளே எல்டிஎல் ஏறத் தொடங்கும், அதுவும் முதல் சில நாட்களில் மளமளவென்று. அதனால் சராசரி 200 ஆகாது. குறைந்த அளவோடு, இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தில் (200) ஏறக்குறைய 0.7 பங்கைக் கூட்டிப் பாருங்கள்: 100 + 140 = 240. ரத்தக்குழாய் நாள் முழுக்கச் சுமப்பது அந்த 240-ஐத்தான்.

நூறைப் பார்த்துவிட்டு ஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துவது இதன் தொடர்ச்சி. வடிகட்டல் இறக்கிவிடுகிறது, திரும்ப ஏறுவதை மட்டுப்படுத்துவது மாத்திரை. ஏற்பி அறவே இல்லாதவர்களுக்கு அதன் பலன் குறைவு என்பதும் உண்மைதான், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய, அடுத்த சிகிச்சைக்குச் சற்று முன் எடுத்த அளவைப் பாருங்கள். முடிந்த கையோடு எடுத்தது அதைச் சொல்லாது.

எல்டிஎல்லைக் குறைக்க எவோலோகுமாப் போன்ற ஊசி போடுபவர்கள் சிகிச்சை முடிந்த பிறகு போட்டுக்கொள்ள வேண்டும். முன்பே போட்டால் மருந்தின் ஒரு பகுதியும் எல்டிஎல்லோடு சேர்ந்து வெளியே போய்விடும். விலையை நினைத்தாலே வயிறு எரியும்.

பிரஷருக்கு ராமிப்ரில், எனலாப்ரில் சாப்பிடுவதைச் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்தானது. டெக்ஸ்ட்ரான் சல்பேட் என்ற வேதிப்பொருள் பூசிய வடிகட்டியில் ரத்தம் படும்போது, ரத்தக்குழாயை விரியவைக்கும் பிராடிகைனின் என்ற பொருள் உருவாகும். இந்த மாத்திரைகள் அது சிதைவதைத் தடுப்பதால் பிரஷர் சடாரென்று விழலாம். எத்தனை மணி நேரம் முன்பே நிறுத்துவது, வேறு மாத்திரைக்கு மாறுவதா என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

டயாலிசிஸ் செய்தால் கொலஸ்ட்ராலும் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது. அந்த வடிகட்டியின் துளைக்குள் நுழைய முடியாத அளவுக்கு எல்டிஎல் பெரியது.

இன்னொன்று, குழந்தைக்கு அலையும் பெற்றோர் தங்கள் ரத்தத்தைச் சோதிப்பதே இல்லை. இருவரிடமும் ஆளுக்கொரு பழுதான மரபணு இருக்கிறது. அவர்களுக்கும் இளவயதிலேயே மாரடைப்பு வரலாம். குழந்தையின் கூடப்பிறந்தவர்களுக்கு இதே கடும் வடிவம் வர நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பமாக இருந்தால், சித்தப்பா, அத்தை பிள்ளைகளுக்கும் ஒரு லிப்பிட் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.