பார்லி சலாது: மலையகக் குசினியில் சறுக்கும் இடங்கள்

பார்லியும் கடலையும் போட்ட சலாது ஹோர்மோனைச் சரிசெய்யும் என்று சொல்வார்கள். எந்தச் சலாதும் அப்படிச் "சரிசெய்துவிடாது". நார்ச்சத்தும் அவரையினமும் நல்ல எண்ணெயும் சேர்ந்த மத்தியதரைக் கடற்பக்கச் சாப்பாட்டில் இரத்தச் சீனி மெல்ல ஏறும். இன்சுலினும் ஒரேயடியாக ஏறாது. சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கு இது ஓரளவு உதவலாம், ஆனால் மருந்துக்குப் பதிலாகாது.

அந்தப் பலனைக் கெடுப்பது பெரும்பாலும் அளவுதான். சோறு போடும் கை பழக்கத்தில் பார்லியையும் குவித்துவிடும். லெபனானின் தபூலே என்ற சலாதில் பார்ஸ்லி இலைதான் பிரதானம், கோதுமை நொய் கொஞ்சம்தான். அதேபோல் இங்கேயும் நாலு பேருக்கு முக்கால் கப் பார்லி (வேகாதது), அவித்த கடலை ஒன்றரை கப், கரட், வெள்ளரிக்காய், தக்காளி, பார்ஸ்லி, புதினா எல்லாம் நறுக்கி நாலு கப். இலைகளை ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். குளூட்டன் (கோதுமை, பார்லியில் உள்ள புரதம்) ஒத்துக்கொள்ளாதவர்கள் பார்லிக்குப் பதில் சாமை போடலாம்.

அடுத்தது வேகவைப்பு. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். பைக்கற்றில் 30 நிமிடம் என்றிருந்தால், திறந்த சட்டியில் இன்னும் 10, 15 நிமிடம் பிடிக்கும். கடலையைக் குளிரில் 12 மணித்தியாலம் ஊறவைத்து, பிரஷர் குக்கரில் விசில் வந்தபின் தணலைக் குறைத்து 20 நிமிடம் விடுங்கள். விரலிடையில் நசுக்கினால் நடுவில் மணல்போல் நெருடக்கூடாது. தக்காளி, தேசிக்காய் புளியை வேகும்போது சேர்த்தால் கடலை மென்மையாகாது.

வெந்த பார்லியை வடித்துத் தட்டத்தில் பரப்புங்கள். இளஞ்சூட்டில் எண்ணெயும் 2 மேசைக்கரண்டி தேசிச்சாறும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மரக்கறி ஆறியபின்தான், சூட்டில் போட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டுவிடும். ஊர் குளிர்தானே என்று இரவு முழுக்க வெளியே வைக்காதீர்கள்; இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப்பெட்டிக்குள் போகவேண்டும்.

ஒலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி. தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும். மலைக்குளிரில் பார்லியில் மெழுகாய் ஒட்டும். ஒலிவ் எண்ணெய் விலை கட்டாவிட்டால் ஒரு கரண்டியை நல்லெண்ணெயாக மாற்றுங்கள். அதற்கு மேல் போனால் வாசனை மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

தைரொயிட் பிரச்சினை இருந்தால் சலாதில் கோவா ஆகாது என்ற பயம் மிகை. ஒரு கைப்பிடி ஒன்றும் செய்யாது. அயடீன் சேர்க்காத இளஞ்சிவப்பு உப்புக்கு மாறுவதுதான் தவறு. தைரொயிட்டுக்கான தைரொக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை முதல் ஒரு மணித்தியாலம் கழித்தே காலைச் சாப்பாடு.

தேத்தண்ணி விசயத்தில்தான் பலரும் அசட்டை. கடலையிலும் இலையிலும் உள்ள இரும்புச்சத்தைத் தேயிலையின் துவர்ப்புப் பொருள் பிடித்துவைத்துவிடும். தேசிச்சாறோ இரும்புச்சத்தை உடம்பில் சேரவைக்கும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் ஒன்று செய்ததை மற்றது கெடுக்கும். மாதவிலக்கில் அதிகம் இரத்தம் போகிறவர்கள் சலாதுக்குப் பின் ஒரு மணித்தியாலமாவது விட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கவேண்டும். பால் சேர்த்தாலும் கணக்கு அதேதான்.