வாலிஸ் மலையில் பழைய வீடு: புதிதாக வருகிறவர்களுக்கு

வேலை கிடைத்துச் சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்துக்கு வருகிறவர்கள் முதலில் ஃபிஸ்ப்பிலும் பிரிக்கிலும் வாடகை வீடு தேடிக் களைத்துப்போகிறார்கள். பிறகு ஒரு நாள் மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸில் மலையேறும்போது, வெயிலில் கறுத்த லார்ச் மரச் சுவரோடு பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று கண்ணில் படுகிறது. விலையும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் நடந்தது. வாங்காதீர்கள் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். வாங்கினால், முதல் குளிர்காலம் முடியும்வரை அந்த வீட்டில் எதையும் உடைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

வீட்டுக்கு முன்னால் உங்கள் சொந்தக் காரியங்கள். வந்த 14 நாட்களுக்குள் கெமைண்டேயில், அதாவது ஊர் நிர்வாக அலுவலகத்தில், பதிய வேண்டும். மருத்துவக் காப்புறுதி எடுக்க 3 மாதம் தருவார்கள். ஆனால் வந்த நாளிலிருந்தே கணக்குப் போட்டுப் பணம் கேட்பார்கள், ஆகவே தள்ளிப்போடுவதில் லாபம் எதுவும் இல்லை. பி விசாவில், அதாவது தற்காலிக வதிவிட அனுமதியில், இருக்கிற இலங்கையரும் இந்தியரும் தாங்களே குடியிருக்கும் வீட்டை வாங்கலாம், விடுமுறை வீடாக வாங்க மாநில அனுமதி வேண்டும், வாடகைக்கு விட வாங்க முடியாது. சி விசா, அதாவது நிரந்தர வதிவிட அனுமதி, கிடைத்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சட்டம் மாறக்கூடியது என்பதால், கையெழுத்திடும் காலத்தில் என்ன நிலை என்று நொத்தாரிசிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கி விலையில் 20 சதவீதமாவது உங்கள் கைப்பணமாகக் கேட்கும். அதில் பாதியை ஓய்வூதிய நிதியிலிருந்து எடுக்க முடியாது, சேமிப்பாகவே காட்ட வேண்டும்.

விலை பேசுவதற்கு முன் கெமைண்டேயில் ஆபத்து வரைபடத்தைப் பாருங்கள். பனிச்சரிவு, பாறைச்சரிவு, வெள்ளம் எல்லாம் அதில் நிறம் போட்டுக் காட்டப்பட்டிருக்கும். சிவப்பு நிறப் பகுதி என்றால் திரும்பிவிடுங்கள். 2025 மே 28 அன்று லோட்ஷன் பள்ளத்தாக்கில் பனியாறு இடிந்து விழுந்து பிளாட்டன் கிராமத்தின் பெரும்பகுதியைப் புதைத்தது. முன்கூட்டியே சுமார் 300 பேரை வெளியேற்றியிருந்ததால்தான் ஊர் மக்கள் ஏறக்குறைய எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். இந்த மலைகள் அசையாதவை என்று எண்ணிக்கொண்டு வீடு வாங்கக் கூடாது.

அடுத்தது காணிப் பதிவேடு. இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அதனால் மேல்மாடி ஒருவருக்கும் நிலவறை இன்னொருவருக்கும் தானியக் களஞ்சியத்தில் கால்பங்கு யாரோ ஒரு சித்தப்பா வழி உறவுக்கும் சொந்தமாக இருக்கும். யாழ்ப்பாணக் காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் எழுதியிருப்பதைப் படித்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. அந்தக் கண்ணோடு ஒவ்வொரு வரியையும் படியுங்கள். நான் வாங்கிய வீட்டின் விறகு அறை என்னுடையது அல்ல என்பது கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்புதான் தெரிந்தது.

இனி நான் பயந்த விஷயத்துக்கு வருகிறேன். சாவி கைக்கு வந்த முதல் சனிக்கிழமையே குசினித் தரையின் பழைய பிளாஸ்டிக் விரிப்பை ஒரு மூலையில் பிடித்து இழுத்தேன். அடியில் சாம்பல் நிறத்தில், முட்டைத் தட்டின் அட்டை போல மெத்தென்ற ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற கட்டடத் தொழிலாளி, கையை உயர்த்தி "நிறுத்து, வெளியே வா" என்றார். அது அஸ்பெஸ்டஸ். ஊரில் அஸ்பெஸ்டஸ் சீற் கூரைக்குக் கீழே உண்டு உறங்கி வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் பயம் வருவதில்லை. சீற்றில் அஸ்பெஸ்டஸ் நார் சீமெந்தோடு இறுகியிருக்கிறது. இந்த அட்டையில் அது தளர்வாக இருக்கிறது, ஒரு இழுப்பில் காற்றில் பறந்துவிடும். நுரையீரலுக்குள் போனால் பல பத்து ஆண்டுகள் கழித்து நோயாக வரும்.

சுவிட்சர்லாந்தில் 1990க்கு முன் கட்டிய அல்லது திருத்திய எந்த வீட்டிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். தரைவிரிப்பு, ஓடு ஒட்டிய பசை, கூரைத் தகடு, பழைய மின்பெட்டியின் பின்பலகை என்று பல இடங்களில் ஒளிந்திருக்கும். உடைப்பதற்கு முன் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். இருக்கிறது என்று வந்தால், அகற்றும் வேலை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துடையது. என் குசினி இரண்டு மாதம் பிளாஸ்டிக் திரையால் மூடிக் கிடந்தது. அந்தச் செலவு என் கணக்கிலேயே இருக்கவில்லை.

மின்சாரமும் அப்படித்தான். வயரிங் தெரிந்த தம்பி ஒருவர் நம் எல்லோருக்கும் இருக்கிறார். இங்கே அனுமதி பெற்றவர் மட்டுமே அதைத் தொடலாம், பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்தால் பதிந்து காப்புறுதி கட்டிப் பிடியுங்கள். பதியாமல் கறுப்பில் வேலை செய்யும் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால் அவர் வாழ்வும் உங்கள் வாழ்வும் சேர்ந்து சரியும்.

குளிருக்குச் சுவரை மூடும் அவசரம் எல்லோருக்கும் வரும். மரச் சுவரின் உட்புறத்தில் கண்டபடி பஞ்சும் பிளாஸ்டிக்கும் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி மரம் உளுத்துப்போகும். நம் சமையல் வேறு. புட்டுப் பானையும் சோற்றுப் பானையும் நாள் முழுக்க ஆவி விடும், துணியையும் உள்ளேயே காயப்போடுகிறோம். ஜன்னலைச் சிறிதாகத் திறந்துவைப்பதால் பயன் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்து 5 முதல் 10 நிமிடம் விட்டுப் பூட்டுங்கள். ஒரு குளிர்காலம் அங்கே இருந்து பார்த்தால் எந்த மூலையில் பூஞ்சை பிடிக்கிறது, எந்த இடுக்கில் காற்று வருகிறது என்று வீடே காட்டிவிடும். சுவர்க் காப்புக்கு மாநில மானியம் கேட்பதானால் வேலை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பிறகு போனால் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை துளைக்கும் இயந்திரத்தைத் தொடாதீர்கள். மதியம் 12 மணிக்கும் பல ஊர்களில் அமைதி நேரம் தொடங்கிவிடும். ஜெர்மன் வகுப்பில் படித்தது மலைப் பேச்சுக்கு முதல் வருடம் உதவாது. வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள், அவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம்தான் வீட்டைச் சூடாக்கும் எங்கள் கல்லடுப்பை எரிக்கக் கற்றேன். வாலிஸ் வீடுகளின் பழைய மாக்கல் அடுப்பு அது. புகைபோக்கி துடைப்பவர் வந்து பார்த்த பிறகே முதல் தீ. பச்சை விறகு புகைபோக்கியில் கரி பிடிக்க வைக்கும், இரண்டு வருடம் காய்ந்த விறகுதான் வேண்டும். காலையில் ஒரு தடவை நன்றாக எரித்துவிட்டால் கல் இரவுவரை சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். சனவரி மாலைகளில் பிள்ளைகள் அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு பள்ளிப் பாடம் படிக்கிறார்கள்.