கல்லூரி முதல் பருவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைம்டேபிள் கைக்கு வந்ததும் வகுப்பு இல்லாத கட்டங்கள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றையெல்லாம் ஓய்வு நேரம் என்று கணக்குப் போட்டுவிடுவது முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடச்சுமையை அளக்கும் ஈசிடிஎஸ் முறையில் 1 கிரெடிட் என்றால் மாணவர் தரப்பில் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதில் வகுப்பும் அடக்கம், தனியாக உட்கார்ந்து படிப்பதும் அடக்கம். அளவு இடத்துக்கு இடம் மாறலாம். ஆனால் அந்த வெற்றுக் கட்டங்களில் ஒரு பகுதி படிப்புக்குரியது என்பது எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும்.

10:50-க்கு ஒரு வகுப்பு முடிகிறது, அடுத்தது 12 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். எங்கே போவது என்று பேசிக்கொண்டே நடந்தால் 11:05. உட்கார்ந்து போனை எடுத்தால் 11:40. இனி எதைத் தொடங்குவது என்று தோன்றும். 70 நிமிடமும் போய்விடும். இப்படி வாரத்துக்கு நான்கு இடைவெளி என்றால் நாலரை மணி நேரத்துக்கு மேல். அந்த வேலையெல்லாம் இரவுக்குத் தள்ளிப்போய்த் தூக்கத்தைத் தின்னும்.

இதற்கு வழி, எங்கே உட்காருவது, எதை எடுப்பது என்ற இரண்டையும் முந்தின இரவே முடிவு செய்துவிடுவது. வகுப்பு முடிந்ததும் நேராக நூலகம். முதல் 15 நிமிடம், சற்றுமுன் எழுதிய குறிப்பில் விட்டுப்போன இடங்களை நிரப்பி, ஓரத்தில் மூன்று கேள்விகள் எழுதுங்கள். அடுத்த 30 நிமிடம், அதே பாடத்தில் கணக்கோ பயிற்சியோ. மீதியில் தாராளமாக அரட்டை அடிக்கலாம். உடனே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பலகையில் இருந்த இரண்டு வரிகளுக்கு நடுவே ஆசிரியர் வாயால் சொன்ன விளக்கம் குறிப்பேட்டில் இருக்காது. அது உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன் நினைவாற்றலைத் தானே சோதித்து 1885-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகமாக நடக்கிறது; பிறகு தணிந்துவிடுகிறது. அவர் மனப்பாடம் செய்தது பொருளில்லாத அசைகளை. புரிந்து படித்த பாடம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது என்றாலும் போக்கு அதேதான்.

திரும்பத் திரும்ப வாசிப்பது

பள்ளியில் கைகொடுத்த இந்தப் பழக்கம் கல்லூரியில் பலரைக் கவிழ்க்கிறது. நான்காம் முறை வாசிக்கும்போது பக்கம் முழுக்கப் பழகிய முகமாகத் தெரியும். தெரிந்துவிட்டது என்று மனம் நம்பிவிடும். தேர்வு அறையிலோ பக்கம் கண்முன் இருக்காது, கேள்வி மட்டும்தான் இருக்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். முந்தின இரவு வாசிப்பு சில சமயம் பலிப்பதற்கும், பருவத் தேர்வில் கைவிடுவதற்கும் விளக்கம் இதில் இருக்கிறது.

எனவே ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேருங்கள். அடுத்த முறை படிக்க வேண்டியது அந்த நிறத்தில் இருப்பதை மட்டும்தான். தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கும், பாதிகூட நினைவுக்கு வராது. அந்தத் திணறலில்தான் பாடம் உள்ளே பதிகிறது. அதற்குப் பயந்து மறுபடி ஹைலைட்டரை எடுத்துவிடாதீர்கள்.

முதல் உள்தேர்வில் மதிப்பெண் குறைந்தால் விடைத்தாளை மடித்து ஒளித்து வைப்பது இன்னொரு தவறு. இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலும் காரணம் குறியுங்கள்: தெரியாது, தெரிந்தும் எழுத வரவில்லை, கேள்வியைத் தவறாகப் படித்தேன். எந்தக் காரணம் அதிகமோ அதற்குத்தான் மருந்து. அந்தத் தாளோடு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். “சார், எதுவும் புரியவில்லை” என்றால் அவரால் பெரிதாக உதவ முடியாது. “மேடம், இந்த மூன்றாவது படியில் குறி ஏன் மாறுகிறது?” என்று கேட்டால் ஐந்தே நிமிடத்தில் தெளிந்துவிடும்.

தூக்கம்

18 முதல் 25 வயதுக்குப் பரிந்துரைக்கப்படும் தூக்கம் 7 முதல் 9 மணி நேரம். வார நாட்களில் 5 மணி நேரம் தூங்கிவிட்டு விடுமுறையில் நண்பகல்வரை படுத்து ஈடுகட்டப் பார்ப்பார்கள். அப்படித் தாமதமாக எழுந்தால் அன்றிரவு தூக்கம் தள்ளிப்போகும். திங்கட்கிழமைக் காலை வகுப்பில் உடல் இருக்கும், கவனம் இருக்காது. படுக்கும் நேரத்தை முதல் நாளே கட்டுப்படுத்துவது கடினம்; எழும் நேரத்தைப் பிடியுங்கள். விடுமுறையிலும் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறக் கூடாது. எழுந்ததும் வெளியே வெளிச்சத்துக்குப் போங்கள். களைப்பாக இருந்தால் பிற்பகலில் 20 நிமிடத் தூக்கம் போதும். அதற்கு மேல் நீண்டால் தலை கனத்துப்போகும். காஃபீனில் பாதி உடலைவிட்டு வெளியேறச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11-க்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

வருகைப் பதிவும் பணமும்

இரண்டிலும் தவறு ஒன்றுதான்: இருப்பதையெல்லாம் தொடக்கத்திலேயே செலவழித்துவிடுவது. ஒரு பாடத்துக்கு 45 வகுப்புகள், 75 சதவீத வருகை கட்டாயம் என்றால் 34 வகுப்புகளில் இருந்தாக வேண்டும். 11 மட்டுமே விடலாம். முதல் மாதத்தில் சும்மா 8 போய்விட்டால், பின்னால் ஒரு வாரக் காய்ச்சலே கணக்கை முடித்துவிடும். பாடவாரியாகக் கணக்கு எடுக்கிறார்களா, மொத்தமாகவா என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வக வகுப்புக்குப் பெரும்பாலும் தனி விதி இருக்கும்.

பணத்தில் பலர் மாதத் தொகையை நான்கால் வகுத்து வாரச் செலவு என்று வைத்துக்கொள்கிறார்கள். நான்கு வாரம் என்பது 28 நாள். கடைசி இரண்டு மூன்று நாளுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது, கடன் அங்கேதான் தொடங்கும். முதலில் கட்டாயச் செலவையும் அவசரத்துக்குப் பத்தில் ஒரு பங்கையும் எடுத்து வையுங்கள். மீதியை 31-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் வாரத் தொகை.

இன்னும் இரண்டு சின்னத் தவறுகள். ஈரம் காயாத உள்ளாடையையும் துண்டையும் பயன்படுத்தினால் தோல் மடிப்புகளில் படை வரலாம், அவசரமென்றாலும் வேண்டாம். அசைன்மென்ட் லேப்டாப்பில் மட்டும் இருந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒரு பிரதி இணையச் சேமிப்பில், இன்னொன்று பென் டிரைவில் வையுங்கள். பென் டிரைவை லேப்டாப் பையிலேயே வைத்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும்.

ஆட்களோடு பழகுவது

ரூம்மேட்டோடு வரும் சண்டைகள் பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான் முளைக்கும். அலாரம் எத்தனை முறை அடிக்கலாம், விளக்கை எப்போது அணைப்பது, இரவில் போன் பேச எங்கே போவது, பொருளை எடுக்குமுன் கேட்க வேண்டுமா என்ற நான்கையும் முதல் வாரமே பேசி முடித்துவிடுங்கள். கோபம் வந்தபிறகு பேசினால் அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

ஒரு மாதமாகியும் நெருங்கிய நண்பர் கிடைக்கவில்லையே என்று குமைகிறவர்கள் நிறைய பேர். அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட கணிப்பில், அறிமுகமானவர் ஓரளவு நண்பராகச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவிட வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் அது எப்படிச் சேரும்? வாரம் ஒரே நாளில் கூடும் ஒரு குழுவில் சேர்ந்து, விடாமல் போங்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் வீட்டுக்கு ஓடினால் அந்த மணி நேரங்கள் சேராமலே போய்விடும்.

தூக்கம், சாப்பாடு, வகுப்புக்குப் போவது ஆகியவை தொடர்ந்து இரண்டு வாரம் குலைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அது சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். கல்லூரி மனநல ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ போங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் பார்க்கக் கூடாது. அப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஆலோசகரின் எண்ணை, தேவைப்படாத இந்த முதல் வாரத்திலேயே போனில் பதிந்து வையுங்கள். தவிப்பில் இருக்கும்போது தேடி எடுக்கத் தோன்றாது.