டி-ஷர்ட்டை ரவிக்கைத் துணி என்று நினைத்துக் கத்தரிக்காதீர்கள்

தம்பி கல்லூரியில் கபடி ஆடிய நாட்களில் போட்ட பச்சை டி-ஷர்ட்டில்தான் என் முதல் பையைத் தைத்தேன். தைத்து முடித்தபோது அழகாகவே இருந்தது. உழவர் சந்தையில் இரண்டு கிலோ வெங்காயத்தைப் போட்டதும் கைப்பிடி நீளத் தொடங்கியது. பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் பை முழங்காலில் இடித்தது. வீட்டில் வைத்துப் பார்த்தால் தையலும் நான்கு இடங்களில் விட்டிருந்தது. துணியில் குறையில்லை. தறியில் நெய்த துணியை வெட்டுவது போல அதை வெட்டியிருந்தேன்.

டி-ஷர்ட் துணி தறியில் நெய்தது அல்ல. வட்டமான நிட்டிங் மிஷினில் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னியது. திருப்பூரில் பனியன் துணி என்பார்கள். நெய்த துணியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். இங்கே ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். இதை மறந்து கத்தரியை எடுப்பதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

வெட்டுவதற்கு முன் துணியை அகலவாட்டில் ஒரு முறை, நீளவாட்டில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். அகலவாட்டில் தாராளமாக விரிவது கைக்கே தெரியும். நான் கைப்பிடியை அந்த வாட்டில்தான் வெட்டியிருந்தேன். சுமை தாங்கும் துண்டு நீளவாட்டில் இருக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, கைப்பிடியைத் தனியாக வெட்டாமல் இருப்பது. இரண்டு கைகளையும் கழுத்துப் பட்டியையும் வெட்டி எடுத்தால் தோள்பட்டையே கைப்பிடியாகிவிடும். பல டி-ஷர்ட்களில் தோள் இழுபடாமலிருக்கத் தையலோடு ஒரு நாடாவும் வைத்துத் தைத்திருப்பார்கள். அதைப் பிரிக்காதீர்கள்.

குழந்தைக்குக் கவுன் வெட்டும்போது விரியும் வாட்டம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். துண்டு போதவில்லை என்று துணியைத் திருப்பிப் போட்டு வெட்டினால் மார்பில் இறுக்கும், கழுத்தில் தலை நுழையாது. பிறந்த குழந்தைக்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய துணியை உடுத்தும் நம் வழக்கத்துக்குப் பழைய பருத்தி டி-ஷர்ட் போல ஒத்துவருவது வேறில்லை. அதைத் தப்பாக வெட்டி வீணாக்குவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

இன்னொன்று, துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வெட்டுவது. கழுத்தோரமும் அக்குளும் முதலில் நைந்துபோகும். வெளிச்சம் பளிச்சென்று ஊடுருவும் இடத்தை விட்டுவிட்டு, மார்புக்குக் கீழே கெட்டியாக இருக்கும் பகுதியை எடுங்கள். கீழ் மடிப்பை வெட்டி எறிவதும் வேண்டாத வேலை. அதைத் தொழிற்சாலையில் இரட்டை ஊசி மிஷினில், இழுத்தால் அறாத தையலாகப் போட்டிருக்கிறார்கள். வீட்டு மிஷினில் அந்தத் தையல் வராது. புது உடையின் கீழ் ஓரம் அந்த மடிப்பிலேயே வரும்படி அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஊசி. ரவிக்கை தைத்த அதே கூர் ஊசியால் பனியன் துணியைத் தைத்தால் அது கண்ணியின் நூலையே குத்தி அறுத்துவிடும். தைத்த அன்று தெரியாது. இரண்டு முறை துவைத்த பிறகு தையலோரமாகக் குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். அங்கிருந்து கண்ணி கழன்று ஏணிப்படி போலக் கோடாக இறங்கும். கடையில் பால் பாயின்ட் ஊசி என்று கேளுங்கள், உறையில் ஜெர்சி என்றும் போட்டிருக்கலாம். அதன் நுனி சற்று உருண்டையாக இருப்பதால் நூலைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு நுழையும். சாதாரண டி-ஷர்ட்டுக்கு 11ஆம் எண்ணும் கனத்த துணிக்கு 14ஆம் எண்ணும் சரியாக இருக்கும்.

நேர்த்தையல் விரியாது, துணி விரியும். அதனால்தான் என் பையில் நூல் அறுந்தது. மிஷினில் ஜிக்ஜாக், அதாவது வளைந்து வளைந்து போகும் தையல், இருந்தால் குறுகலாக வைத்துத் தையுங்கள். அப்போது துணியைக் கையால் இழுக்கவே கூடாது. இழுத்தால் ஓரம் பொரித்த அப்பளம் போல அலை அலையாக நிற்கும். நேர்த்தையல் மட்டுமே உள்ள கால் மிஷின் என்றால் பாலியஸ்டர் நூல் போட்டு, முன்னும் பின்னும் துணியை இலேசாக மட்டும் பிடித்துத் தைக்கலாம். கொஞ்சம் அலை வந்தால் ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரி பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒன்று, அச்சுப் படத்தின் மேல் மட்டும் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள், ரப்பர் அச்சு உருகி ஒட்டிக்கொள்ளும். உள்பக்கம் திருப்பித் தேய்க்க வேண்டும்.

வெட்டிய ஓரம் சுருண்டுகொள்கிறதே என்று பலர் அதை மடித்துத் தைக்கப் போராடுகிறார்கள். சுருளுமே தவிர, நெய்த துணி போல நூல் நூலாகப் பிரியாது. கழுத்துத் துணி, தலைப்பட்டை போன்றவற்றில் அப்படியே விட்டுவிடலாம். கால்மிதி பின்ன நூல் எடுக்கும்போது இந்தச் சுருளல்தான் நமக்குத் துணை. அகலவாட்டில் 2 செ.மீ. பட்டையாக வெட்டி இழுத்தால் அது கயிறு போல உருண்டுகொள்ளும், நீளவாட்டில் வெட்டினால் அவ்வளவு நன்றாக உருளாது. பக்கத் தையல் இல்லாத டி-ஷர்ட்டாகப் பாருங்கள், இருந்தால் சுற்றுக்குச் சுற்று முடிச்சு போலத் தடிக்கும். சுற்றளவு 100 செ.மீ., அக்குளுக்குக் கீழே 40 செ.மீ. நீளம் உள்ள ஒரு டி-ஷர்ட்டில் இருபது சுற்று, அதாவது 20 மீட்டர் கிடைக்கும். இழுத்துவிட்டால் இன்னும் நீளும்.

சாயம் போட நினைப்பவர்கள் ஓரத்தில் ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியானால் பாலியஸ்டர், பருத்திக்கான சாயம் அதில் ஏறாது. பருத்தித் துணியிலும்கூடத் தையல் நூல் பாலியஸ்டராக இருந்தால், சாயத்திலிருந்து எடுக்கும்போது தையல் கோடுகள் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும்.