கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிடாதீர்கள்

போன வருடம் சித்தப்பா வீட்டு கம்ப்யூட்டர் ஒரு காலையில் நீலத் திரையோடு நின்றுவிட்டது. கேபினட்டை அப்படியே ஸ்கூட்டரில் வைத்து ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார். கடையில் இருந்த பையன் கேட்டது ஒரே கேள்வி: "சார், சி டிரைவ்ல முக்கியமா ஏதாவது இருக்கா?" சித்தப்பா யோசிக்கவே இல்லை. "இல்லப்பா, எல்லாம் டி-லதான் வச்சிருக்கேன்."

ஒரு மணி நேரத்தில் புது விண்டோஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் டெஸ்க்டாப் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. சித்தியின் அண்ணனுக்கு நடந்த அறுபதாம் கல்யாணப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், மகளின் சான்றிதழ்கள் எல்லாம் டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயரில் கிடந்தவை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே, நாம் மாற்றி வைக்காதவரை, சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள்தான் இருக்கும். கண்ணுக்கு முன்னால் இருப்பதால் அது எந்த டிரைவில் இருக்கிறது என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கடைக்காரர் கேட்டது தப்பில்லை, சித்தப்பா சொன்னதும் பொய்யில்லை. படங்கள் மட்டும் போய்விட்டன.

இதில் கொடுமை என்னவென்றால் பழுது விண்டோஸில் இல்லவே இல்லை. புது விண்டோஸ் வந்த இரண்டாம் நாள், எந்தத் தளத்தைத் திறந்தாலும் கடிகாரம் தப்பாக இருக்கிறது என்று பிரவுசர் சொல்ல ஆரம்பித்தது. தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. கேபினட்டைத் திறந்து பார்த்தேன். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 என்ற காசு போன்ற பேட்டரி தீர்ந்திருந்தது. அது 3 வோல்ட் பேட்டரி, மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடி கம்ப்யூட்டரை எழுப்பும் நிரல்) செட்டிங்கையும் காப்பது அதுதான். அது செத்தால் சில போர்டுகளில் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். ஹார்ட் டிஸ்க்கை ஏ.எச்.சி.ஐ. முறையில் படிக்க வேண்டியதை ரெய்ட் முறையில் படிக்கப் பார்க்கும், அல்லது அதற்கு நேர்மாறாக. விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை காட்டி நின்றுவிடும். ஒரு பேட்டரியும், பயாஸில் ஒரு வரி மாற்றமும் போதுமாயிருந்த இடத்தில் ஃபார்மட் நடந்துவிட்டது.

அதனால் முதல் தவறு என்று நான் சொல்வது இதைத்தான்: கம்ப்யூட்டர் ஓடாததையும் ஃபைல் போவதையும் ஒன்றாக நினைப்பது. ஃபைல் டிஸ்க்கில் இருக்கிறது. மற்ற எது கெட்டாலும் டிஸ்க் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். நான் பார்த்தவரை, வீட்டு கம்ப்யூட்டரில் ஃபைல் தொலைவது பழுதான நேரத்தில் இல்லை, பழுது பார்க்கும் நேரத்தில்.

எந்த இடத்தில் நிற்கிறது?

'ஆன் ஆகவில்லை' என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஃபேன்கூட சுற்றவில்லை என்றால் அது மின்சார விஷயம். ஸ்பைக் பஸ்டர், பவர் கேபிள், எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் பெட்டியின் பின்னால் உள்ள சின்ன சுவிட்ச் (வீட்டைப் பெருக்கும்போது கை பட்டு அணைந்திருக்கும், சிரிக்காதீர்கள்) இவற்றைப் பார்த்தால் போதும். ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் மானிட்டர் கேபிளையும் ரேம் என்ற நினைவகக் கார்டையும் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் கம்ப்யூட்டரில் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு படம் வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசி தட்டி மறுபடி அழுத்திப் பொருத்துவது நம்மூர் வைத்தியம்தான், ஆனால் பல நேரம் பலிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுச் செய்யுங்கள். லோகோ வரை வந்து 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றால், பின்னால் ஏதாவது பென் டிரைவ் செருகிக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

இவை எதற்கும் ஃபார்மட்டுக்கும் சம்பந்தமே இல்லை. லோகோ தாண்டி, விண்டோஸ் பாதியில் சுற்றிக்கொண்டு நின்றாலோ, பென் டிரைவ் எதுவும் இல்லாமலே 'நோ பூட்டபிள் டிவைஸ்' வந்தாலோதான் டிஸ்க் பக்கம் போக வேண்டும்.

டிஸ்க்கில் சத்தம் வந்தால்

பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்... டக்' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். இன்னொரு முறை ஆன் செய்து பார்க்கலாமே என்று தோன்றும். அதுதான் கூடாது. உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் தலைக்கும் இடையே இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். தலை பழுதாகி தட்டில் உரசினால் ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் ஃபைல் தூளாக உதிர்கிறது என்று அர்த்தம். திருகாணியைக் கழற்றித் திறந்து பார்ப்பதும் வேண்டாம், வீட்டுத் தூசி ஒரு துணுக்கு போதும் அதைக் கொல்ல. ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று ஒரு பழைய யோசனை இன்னும் உலவுகிறது. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். அந்த வேலையும் வேண்டாம். டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுப்பதுதான் வழி. செலவு அதிகம், அது உண்மை.

சத்தம் இல்லை, ஆனால் எல்லாம் ஆமை வேகத்தில் நகர்கிறது என்றாலும் டிஸ்க் சாகப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் பலர், விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதனைக் கட்டளையைச் சொல்லி, 'செக்டிஸ்க் போடு' என்பார்கள். செக்டிஸ்க் ஃபைலைக் காப்பாற்ற வந்த கருவி கிடையாது. டிஸ்க்கின் கணக்குப் புத்தகத்தைச் சரிக்கட்டுவதுதான் அதன் வேலை. கணக்கில் ஒட்டாத ஃபைல்களை வெட்டி 'ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் துண்டு துண்டாகப் போட்டுவிடும். கட்டளையோடு 'ஆர்' என்ற எழுத்தையும் சேர்த்துக் கொடுத்தால் டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்தையும் மணிக்கணக்காகப் படித்துப் பார்க்கும். மூச்சுத் திணறுபவரை ஓடச் சொல்வது போல. ஃபைலை வெளியே எடுத்த பிறகு ஆற அமர அதை ஓட்டலாம்.

நீல ரிகவரி திரையில் எதைத் தொடலாம்

இரண்டு மூன்று முறை தொடங்க முடியாமல் போனால் விண்டோஸ் தானாகவே ரிகவரி திரைக்கு வரும். அங்கே 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', 'சிஸ்டம் ரீஸ்டோர்', கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குவது, இந்த மூன்றும் உங்கள் படங்களையும் டாக்குமென்ட்டுகளையும் தொடாது. 'ரீசெட் திஸ் பி.சி.' மட்டும் யோசிக்க வேண்டிய பட்டன். அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதற்கு விளக்கம் தேவையில்லை. 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதில்தான் ஏமாறுகிறார்கள். நீங்கள் தனியாகப் போட்ட மென்பொருள் எல்லாம் அதில் போய்விடும். ரீசெட் பாதியில் கரண்ட் போனால் கதை வேறு. காப்பி எடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

2024 ஜூலை 19-ஆம் தேதி உலகம் முழுக்க விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் நீலத் திரை வந்தது நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அதற்கு மருந்து, சேஃப் மோடில் (விண்டோஸ் மிகக் குறைந்த வசதிகளோடு ஓடும் நிலை) போய் அந்த மென்பொருளின் ஒரே ஒரு ஃபைலை நீக்குவது. ஆனால் பல இடங்களில் அதைச் செய்வதற்குள் கம்ப்யூட்டர் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு வாசலிலேயே நிறுத்தியது. அது பிட்லாக்கர் சாவி, அதாவது டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியின் சாவி.

அந்தச் சாவி உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். இப்போதைய விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால் பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும், நாம் எதையும் அழுத்தாமலேயே. பயாஸ் செட்டிங்கை மாற்றினாலோ மதர்போர்டு மாறினாலோ சாவி கேட்கலாம். சாவி இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வேறு எங்கே மாட்டினாலும் பிரயோஜனமில்லை, மைக்ரோசாஃப்டே நினைத்தாலும் திறக்க முடியாது. ஆகவே பயாஸில் கை வைப்பதற்கு முன், போனிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து சாவி அங்கே இருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை முதலில் அமைத்துக் கொடுத்தது மகனோ மருமகளோ என்றால் அவர்கள் கணக்கில் இருக்கலாம்.

நோட்பேடில் ஒரு குறுக்கு வழி

விண்டோஸ் தொடங்காமலேயே ஃபைலை எடுக்க எனக்குப் பிடித்த வழி இது. ரிகவரி திரையில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று போனால் ஒரு கறுப்புப் பெட்டி வரும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் திறக்கும். ஃபைல் மெனுவில் 'ஓப்பன்' கொடுங்கள். வருகிற ஜன்னலின் கீழே 'டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ்' என்று இருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால், அந்தச் சின்ன ஜன்னலே எக்ஸ்புளோரர் மாதிரி வேலை செய்யும். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, பென் டிரைவுக்குள் போய் பேஸ்ட்.

இரண்டு விஷயம் பயமுறுத்தும். டிரைவ் எழுத்துகள் இங்கே மாறியிருக்கும், உங்கள் சி இங்கே டி என்றோ ஈ என்றோ தெரியலாம். உள்ளே யூசர்ஸ் ஃபோல்டர் எங்கே இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. அப்புறம், காப்பி நடக்கும்போது எத்தனை சதவீதம் என்று எதுவும் காட்டாது, ஜன்னல் உறைந்துபோன மாதிரி நிற்கும். உறையவில்லை. ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பென் டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட் முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோ மட்டும் ஏற மறுத்தால் காரணம் இதுதான்.

ரிகவரி திரையே வரவில்லையா? வேறொரு கம்ப்யூட்டரில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஒரு 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யலாம். அந்தப் பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழியும் என்பதை மறந்து, இருந்த ஒரே பேக்கப் பென் டிரைவையே பயன்படுத்தியவரை எனக்குத் தெரியும். திரை வந்ததும் 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுங்கள், 'இன்ஸ்டால்' பக்கம் போகாதீர்கள். டிஸ்க்கில் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும் என்று அது சொன்னால் கவலை வேண்டாம். நமக்குப் படித்தால் போதும்.

கம்ப்யூட்டரே செத்துவிட்டது என்றால் டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டலாம். மெல்லிய பட்டை போன்ற எம்.2 வகை டிஸ்க் என்றால் அதன் இணைப்பு முறை சாட்டாவா என்.வி.எம்.இ.யா என்று பார்த்து அதற்கேற்ற யு.எஸ்.பி. கேஸ் வாங்குங்கள். மாட்டியதும் 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டலாம். 'கேன்சல்' அழுத்துங்கள். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை என்பதற்கு மேல் அந்தப் பெட்டிக்கு அர்த்தம் கிடையாது.

எடுக்கும்போது மறப்பவை

டாலிபிரைம் என்ற கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் அதன் கணக்கு வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக் ஃபோல்டருக்குள் இருக்கும், உங்கள் பெயருள்ள ஃபோல்டரில் தேடினால் கிடைக்காது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள் இருந்தால், விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள். ஃபைல் பத்திரமாக இருந்து எழுத்துரு போய்விட்டால் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். காப்பி முடிந்ததும் நான்கைந்து படங்களையாவது வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

கடையில் கொடுப்பதானால் 'ஃபார்மட் செய்யக் கூடாது, கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது' என்று தாளில் எழுதி கேபினட்டில் ஒட்டிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னது மதியம் ஷிஃப்ட் மாறியதும் காணாமல் போகும். இன்னும் நல்லது, ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) வாங்கி விண்டோஸை அதில் போடச் சொல்வது. அந்த நேரம் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் நிறுவும் திரையில் சி, டி என்று எழுத்து வராது, 'பார்ட்டிஷன் 1, 2, 3' என்றுதான் வரும். அங்கேதான் டி டிரைவைத் தவறி டெலிட் செய்கிறார்கள்.

ஏற்கெனவே ஃபார்மட் ஆகிவிட்டதா? அந்த டிஸ்க்கில் வேறு எதையும் செய்யாதீர்கள். மீட்பு மென்பொருளைக்கூட அதிலேயே டவுன்லோட் செய்யக் கூடாது, மீட்க வேண்டியதன் மேலேயே அது போய் உட்கார்ந்துவிடும். எஸ்.எஸ்.டி. என்றால் நம்பிக்கை குறைவு, அழித்த இடத்தை 'ட்ரிம்' என்ற வசதி பின்னணியில் துடைத்துவிடும்.

சித்தப்பாவுடையது பழைய ஹார்ட் டிஸ்க். நடுவில் இரண்டு நாள் யூடியூப் பார்த்திருந்தாலும், கழற்றி வந்து ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டியதில் படங்களில் ஒரு பங்கு கிடைத்தது. பெயர், தேதி, ஃபோல்டர் எதுவும் இல்லாமல், எஃப் என்ற எழுத்தும் வெறும் இலக்கங்களுமாக வரிசையாக வந்து விழுந்தன. பத்திரத்தின் ஸ்கேனில் மேல்பாதி மட்டும் தெரிகிறது, கீழே முழுக்கச் சாம்பல் நிறம். சித்தியும் அவரும் சாயங்காலங்களில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் திறந்து, இது மாலை மாற்றினது, இது பந்தி என்று பெயர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.