கூட்டுத் தொட்டியில் ஏஞ்சல் மீன் குஞ்சு எடுப்பது எப்படி?

ஏஞ்சலும் சிக்லிட் என்ற மீன் குடும்பம்தான். (வாழையிலையில் பொள்ளிக்கும் கரிமீனும் இதே குடும்பம்.) டெட்ரா, கோரிடோரஸ் எல்லாம் சேர்ந்து ஓடும் வீட்டுத் தொட்டியிலேயே தாராளமாக முட்டையிடும். மறுநாள் காலையில் அந்த முட்டை இருக்காது என்பதுதான் தலைவலி. அதனால் என் வழி: முட்டை கூட்டுத் தொட்டியில், குஞ்சு தனித் தொட்டியில். தொட்டியை சைக்கிள் செய்வது (கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியாவை முதலில் வளர்த்துக்கொள்வது), குளோரின் போக்குவதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜோடி

கடையில் ‘ஜோடி’ என்று தரும் இரண்டு பெரிய மீன்களை நம்பி வாங்காதீர்கள். உடம்பை மட்டும் பார்த்து ஏஞ்சலில் ஆண், பெண் சொல்வது கஷ்டம். சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் போனால் சின்னதாக ஆறு குட்டி வாங்கி வளருங்கள். ஒரு வயதுக்குள் இரண்டு மட்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விரட்டும். அதுதான் ஜோடி. மிச்சம் நாலையும் வேறு இடம் மாற்றிவிடுங்கள்.

தொட்டி 3 அடி நீளம், 18 அங்குல உயரமாவது இருக்கட்டும். நியான் டெட்ரா வளர்ந்த ஏஞ்சலுக்குத் தீனி. டைகர் பார்ப் ஏஞ்சலின் துடுப்பைக் கடித்தே ஓய்த்துவிடும். சக்கர் மீன் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். ராத்திரி பெற்றோருக்குக் கண் தெரியாத நேரத்தில் அது முட்டையை வழித்துவிடும்.

டைல்ஸ்

பிரீடிங் கோன் (மீன் முட்டையிடுவதற்கென்றே விற்கும் கூம்பு) வாங்குவது வீண் செலவு. வீட்டில் மிஞ்சிய டைல்ஸ் துண்டை ஃபில்டருக்கு எதிர்மூலையில் சாய்த்து வையுங்கள். கடப்பாக்கல் வேண்டாம், அது சுண்ணாம்புக்கல், தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும்.

முட்டையிடுவதற்கு முன் இரண்டும் டைல்ஸை வாயாலேயே தேய்த்துச் சுத்தம் செய்யும். அடிவயிற்றில் சின்னக் குழாய் தெரியும்: பெண்ணுக்குத் தடித்து மொண்ணையாக, ஆணுக்கு மெல்லிசாகக் கூராக. பெண் வயிற்றை உரசிக்கொண்டே மேலே ஏறும், பின்னால் முட்டை வரிசையாக ஒட்டிக்கொண்டு போகும். ஆண் அதே தடத்தில் வரும். இது ஒரு மணி நேரத்துக்கு மேலும் நடக்கும். தொந்தரவு செய்யாதீர்கள்.

இடம் மாற்றுவது

இரண்டும் உரசுவதை நிறுத்தி, துடுப்பால் முட்டைக்கு விசிற ஆரம்பித்ததும் டைல்ஸை எடுக்கலாம். ஒரு டப்பாவைத் தொட்டிக்குள்ளேயே அமிழ்த்தி, டைல்ஸை அதில் வைத்துத் தண்ணீரோடு தூக்குங்கள். தனித் தொட்டியிலும் அதே தண்ணீர்தான் நிரப்ப வேண்டும். வெளிர்நீலம் வரும்வரை மெத்திலீன் புளூ (முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் தடுக்கும் நீல மருந்து) விடுங்கள். ஏர் ஸ்டோன் பக்கத்தில் இருக்கட்டும், குமிழி நேராக முட்டையில் படக்கூடாது. 27–28 டிகிரி போதும். நம் வெயிலுக்கு மார்கழி, தை தவிர ஹீட்டர் தேவைப்படாது.

நல்ல முட்டை கண்ணாடி மாதிரி மஞ்சளாக இருக்கும், செத்தது வெள்ளையாகும். மொத்தமும் வெள்ளையானால் பெரும்பாலும் உங்கள் ‘ஜோடி’ இரண்டு பெண்கள்.

தீனி: எல்லோரும் சறுக்கும் இடம்

இரண்டரை நாளில் பொரியும். பொரிந்தது நீந்தாது, தலையால் டைல்ஸில் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டும். அப்போது வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது, தீனி தேவையே இல்லை. இந்த நேரத்தில் ஆர்வத்தில் எதையாவது போட்டால் தண்ணீர் கெட்டு, எல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அதை நான் எந்தக் கட்டத்திலும் போடமாட்டேன்.

ஆர்டீமியாதான் ஒரே தீனி என்பேன். உப்புநீரில் வாழும் பொடி இறால் மாதிரியான உயிர் அது, காய்ந்த முட்டையாகக் கடையில் கிடைக்கும். முட்டையிட்ட ஆறாம் நாள் அதைப் பொரிக்கப் போடுங்கள். லிட்டருக்கு 30 கிராம் கல்லுப்பு, கவிழ்த்த சோடா பாட்டில், அடியிலிருந்து பலமாகக் காற்று. 24 முதல் 36 மணி நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சாகும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், உயிருள்ளது கீழே இறங்கும். அடியில் டார்ச் அடித்தால் அங்கேயே கூடும். ஏர் டியூபால் அதை மட்டும் இழுத்து, நெருக்கமான துணியில் வடித்து, உப்புப் போக அலசிவிடுங்கள். ஓட்டை உள்ளே விடாதீர்கள். குஞ்சின் வயிற்றில் அடைத்துக்கொள்ளும்.

குஞ்சு எழுந்து நீந்த ஆரம்பித்த அன்றைக்கே இங்க் ஃபில்லரால் அவற்றின் முன்னால் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் சாப்பிட்டிருக்கிறது. நாளைக்கு மூன்று நான்கு வேளை. தினமும் பாதித் தண்ணீர் மாற்றவேண்டும். ஃபில்டர் என்றால் ஸ்பாஞ்ச் மட்டும். பவர் ஃபில்டர் குஞ்சை உறிஞ்சிவிடும்.

பிற்சேர்க்கை: டைல்ஸை விட்டுவிட்டுத் தொட்டிக் கண்ணாடியிலேயே முட்டையிட்டால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சுரண்டாதீர்கள், நசுங்கிவிடும். ராத்திரி ஒரு சின்ன விளக்கை எரியவிட்டால் பெற்றோர் காவல் காக்கும். பொரிந்து வாலாட்டும்போது ஏர் டியூபால் மெதுவாக டப்பாவுக்கு இழுத்துக்கொள்ளலாம். நீந்த ஆரம்பித்த பிறகு பிடிப்பது நடக்காத காரியம்.

ஒரு மாதத்தில் குட்டிக்கு ஏஞ்சல் உருவம் வந்துவிடும், பொடித்த பெல்லெட்டுக்குப் பழக்கலாம். முட்டையை எடுத்துவிட்டதால் ஜோடி அதற்குள் மறுபடி முட்டையிட்டிருக்கும். இடமில்லையென்றால் இந்த முறை டைல்ஸைத் தொடாதீர்கள்; மிச்சத்தை டெட்ரா பார்த்துக்கொள்ளும்.