ஸ்கேனர் கிளவுட்டுக்கும் ட்ரோன் கிளவுட்டுக்கும் இடையே தூரம் அளப்பது எப்படி

ஒரு கல்குவாரிச் சரிவை ஜூனில் லேசர் ஸ்கேனரில் எடுத்து பாயின்ட் கிளவுட் ஆக்கினோம், அதாவது பரப்பை ஏராளமான முப்பரிமாணப் புள்ளிகளாகக் காட்டும் தொகுப்பு. மழைக்காலம் முடிந்து ஜனவரியில் அதே சரிவை ட்ரோனில் படம் எடுத்து, ஃபோட்டோகிராமெட்ரியில் (படங்களிலிருந்து முப்பரிமாண வடிவம் எடுக்கும் முறை) இன்னொரு பாயின்ட் கிளவுட் தயார் செய்தோம். எங்கே கல் பெயர்ந்திருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. கிளவுட்களை ஒப்பிடும் மென்பொருளான கிளவுட்கம்பேரில் இரண்டையும் திறந்து நாலு கிளிக் செய்ததும் சிவப்பும் நீலமுமாக ஜோரான படம் வந்தது, அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் சைட்டிலிருந்து போன்: "சார், வேபிரிட்ஜ் பக்கத்து கான்கிரீட் 9 சென்டிமீட்டர் எழும்பியிருக்குன்னு போட்டிருக்கீங்களே, லாரியெல்லாம் நல்லாத்தானே போகுது?"

அன்றிலிருந்து என் வேலை வரிசையே மாறிவிட்டது. மாறியதை அளப்பதற்கு முன், மாறவே மாறாத ஒன்றை அளக்கிறேன். கான்கிரீட் தளம், பழைய சுவர், வெடி வைக்காத பாறை, எதுவானாலும் சரி. அங்கே பூஜ்யம் வராவிட்டால் சரிவில் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

முதலில் ஃபைலைத் திறக்கும்போதே ஒரு கண்ணி இருக்கிறது. யுடிஎம் (பூமியில் ஓர் இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை) ஆயத்தொலைவில் உள்ள கிளவுட்டைத் திறந்தால் கிளவுட்கம்பேர் குளோபல் ஷிஃப்ட் கேட்கும், அதாவது எல்லா ஆயத்தொலைவிலிருந்தும் ஒரு பெரிய எண்ணைக் கழித்துவிடலாமா என்று. எரிச்சலில் வேண்டாம் என்று தட்டிவிடாதீர்கள். திருச்சிப் பக்கம் வடக்கு ஆயத்தொலைவு ஏறக்குறைய 12 லட்சம் மீட்டர். அவ்வளவு பெரிய எண்ணை 32 பிட்டில் வைத்தால் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே 12.5 சென்டிமீட்டர் இடைவெளி விழும், அதாவது கிளவுட் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். ஷிஃப்ட் கொடுங்கள், இரண்டு கிளவுட்டுக்கும் ஒரே ஷிஃப்ட் கொடுங்கள்.

அப்புறம் செடிகொடி, ஆட்கள், வண்டி, தேங்கிய தண்ணீர் எல்லாவற்றையும் வெட்டி எறியுங்கள். ஸ்கேனர் கிளவுட்டில் பாறை விளிம்புகளுக்குப் பின்னால் அந்தரத்தில் மிதக்கும் பேய்ப் புள்ளிகள் இருக்கும். கதிர் பாதி விளிம்பிலும் பாதி பின்சுவரிலும் பட்டுத் திரும்புவதால் வருபவை. ட்ரோன் கிளவுட்டில் அதே விளிம்பு சோப்புக்கட்டி தேய்ந்த மாதிரி மழுங்கியிருக்கும். ஆக, எந்தக் கல்லும் நகராமலே விளிம்புகளில் மட்டும் வித்தியாசம் காட்டும், அதை அசைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டையும் பொருத்துவதுதான் பாதி வேலை. ஐசிபியை (ஒரு கிளவுட்டை மற்றதோடு தானாகப் பொருத்தும் முறை) முழுக் கிளவுட் மேல் ஓட்டினால் அது பெயர்ந்த பகுதியையும் சேர்த்தே சமாதானப்படுத்தப் பார்க்கும், உண்மையான அசைவில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். அதனால் மாறாத பகுதிகளை மட்டும் தனியாக வெட்டியெடுத்து, அவற்றின் மேல் ஐசிபி ஓட்டி, எவ்வளவு நகர்த்த வேண்டும், திருப்ப வேண்டும் என்று கிடைக்கும் மேட்ரிக்ஸை முழுக் கிளவுட்டுக்கும் போடுங்கள். அந்தப் பகுதிகள் ஒரே மூலையில் குவியாமல் சரிவைச் சுற்றி நாலா பக்கமும் இருக்கட்டும். கேட்காமல் கிளவுட்டின் ஸ்கேலை மாற்ற விடாதீர்கள், தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (தரையில் இடத்தைத் துல்லியமாக அளந்து வைத்த குறிகள்) இருக்கும்போது அது தேவையே இல்லை.

பொருத்திய பிறகும் நடுப்பகுதி மேலெழும்பி ஓரங்கள் தாழ்ந்து ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி தெரிந்தால், சந்தேகம் ட்ரோன் மேல் போக வேண்டும். நேர்கீழே பார்த்த படங்களாகவே எடுத்தால் லென்ஸ் வளைவைச் சரியாகக் கணிக்க முடியாமல் மாடல் இப்படிக் குவிந்துவிடும். எங்கள் வேபிரிட்ஜ் எழும்பிய கதை இதுதான். கேமராவைச் சாய்த்து எடுத்த படங்களையும் சேர்த்து, கட்டுப்பாட்டுப் புள்ளிகளைப் பரவலாக வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஐசிபியால் இதைத் திருத்த முடியாது, அது கிளவுட்டை நகர்த்தும், திருப்பும், வளைவை நிமிர்த்தாது.

சரி, இப்போது தூரம். எளிய வழி சி2சி: ஒரு கிளவுட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றதில் மிக அருகே இருக்கும் புள்ளியைத் தேடி அந்தத் தூரத்தைத் தரும். அடர்த்தியாகவும் அகலமாகவும் இருப்பதை ரெஃபரன்ஸாக வையுங்கள், ஏனென்றால் இங்கே அடர்த்தியே பிழையாக மாறும். ரெஃபரன்ஸ் 10 சென்டிமீட்டர் கட்டமாக இருந்தால், இரண்டு பரப்பும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தாலும் சராசரியாக 4 சென்டிமீட்டர், கட்டத்தின் நடுவில் 7 சென்டிமீட்டர் தூரம் காட்டும். அதோடு இந்த எண்ணுக்குக் கூட்டல் கழித்தல் கிடையாது, கல் விழுந்ததா மண் சேர்ந்ததா என்று தெரியாது. ஸ்கேனருக்குத் தெரியாமல் மறைந்த இடத்தில் ட்ரோன் புள்ளிகள் இருந்தால், ஓட்டையின் ஓரம் வரைக்கும் உள்ள தூரத்தைப் பெரிய மாற்றமாகப் போட்டுவிடும். சி2சியை நான் முதல் பார்வைக்கு மட்டும் வைத்திருக்கிறேன். மெஷ்ஷோடு (புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்த பரப்பு) ஒப்பிடும் சி2எம் கூட்டல் கழித்தல் குறி காட்டும், சமதளச் சுவருக்கு நல்லது, ஆனால் கரடுமுரடான பாறையில் மெஷ் போடுவதே தலைவலி.

பாறைச் சரிவுக்கு எம்3சி2 தான். 2013இல் லாக், ப்ரோடு, லெரூ ஆகியோர் நியூசிலாந்தின் ரங்கிடிகேய் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஸ்கேன்களை வைத்து வெளியிட்ட முறை, கிளவுட்கம்பேரில் பிளக்இன்னாக இருக்கிறது. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கண்டுபிடித்து, அந்தத் திசையில் ஒரு உருளையைச் செருகி, உள்ளே விழும் இரண்டு கிளவுட்டின் சராசரி இடங்களுக்கு நடுவே தூரம் எடுக்கும். ஒற்றைப் புள்ளியின் இரைச்சல், அதாவது அளவீட்டுத் தடுமாற்றம், இதனால் அடங்கிவிடுகிறது.

கொடுக்க வேண்டியவை மூன்று. நார்மல் ஸ்கேல் (பரப்பின் திசையைக் கணிக்கச் சுற்றிலும் எவ்வளவு அகலம் பார்ப்பது என்ற அளவு), பரப்பின் கரடுமுரடைப் போல 20 முதல் 25 மடங்கு: 5 சென்டிமீட்டர் கரடென்றால் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. உருளையின் விட்டம், இரண்டு கிளவுட்டிலிருந்தும் 20, 30 புள்ளிகளாவது உள்ளே விழும்படி. உருளையின் நீளம், எதிர்பார்க்கும் பெரிய பெயர்ச்சியைவிடக் கொஞ்சம் கூடுதலாக. கண்டபடி நீட்டினால் பின்னால் இருக்கும் வேறு சுவரையும் பிடித்துக்கொண்டு வரும்.

நாலாவதாக ரெஜிஸ்ட்ரேஷன் எரர் என்று ஒரு பெட்டி இருக்கும். காலியாக விடாதீர்கள். மாறாத இடத்தில் இரண்டு கிளவுட்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று அளந்தீர்கள் அல்லவா, அது இங்கே போகட்டும். இரண்டிலும் இரைச்சல் 2 சென்டிமீட்டர், உருளைக்குள் 25 புள்ளிகள், பொருத்தப் பிழை 1 சென்டிமீட்டர் என்றால் 95% நம்பிக்கையில் கண்டுபிடிக்கக்கூடிய குறைந்தபட்ச மாற்றம் சுமார் 3.1 சென்டிமீட்டர். புள்ளிகளை 100 ஆக்கினாலும் 2.5க்குத்தான் இறங்கும். காசு கொடுத்து இன்னும் அடர்த்தியாக ஸ்கேன் செய்வதைவிட ஒரு நாள் கூடுதலாகச் செலவழித்துச் சரியாகப் பொருத்துவது லாபம்.

முடிவில் அந்த அளவுக்குக் கீழே இருப்பதையெல்லாம் சாம்பல் நிறமாக்கிவிட்டு, மிச்சமிருக்கும் நிறத்தைப் பாருங்கள். கல் விழுந்திருந்தால் மேலே ஒரு குழி, நேர் கீழே ஒரு குவியல், ஜோடியாகத்தான் இருக்கும். உடைந்த கல்லுக்கு நடுவே காற்றிடம் சேர்வதால் குவியலின் கனஅளவு குழியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். குழி இருந்து குவியல் இல்லையென்றால் உடனே செட்டிங்ஸைக் குறை சொல்லாமல், லாரி வந்து அள்ளிப்போனதா என்று சைட் சூப்பர்வைசரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.